குருவிக்கும் ஒருசந்தி

எங்கள் வீட்டில் செபமாலை நேரத்தில் ‘லவ்பேர்ட்’ என்று சொல்லக் கூடாது. இது என் நாத்தனார் ரோசம்மா போட்ட சட்டம். நேசம் என்பது ஆண்டவரிடம் வைக்க வேண்டியதாம். அதைக் கம்பிக் கூண்டில் அடைத்து இங்கிலீசில் பெயரும் வைத்துக் கூப்பிடுவது அவருக்குக் காது கூசியது. ‘அந்தக் குருவிகள்’ என்றுதான் சொல்வார். ‘அந்த’ என்பதை அவர் அழுத்துகிற அழுத்தத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆண் பச்சை, பெட்டை மஞ்சள். இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். என் தம்பி லாரன்ஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போய்வருகிற கப்பலில் சமையல்கட்டு வேலை பார்த்தான். அந்த வருஷம் கிறிஸ்துமசுக்கு வந்தபோது கூண்டோடு கொண்டுவந்து கொடுத்தான்.

“பேச்சுத் துணைக்கு ஆளில்லன்னு அழுதியேக்கா. இதுங்க வாயே மூடாது” என்றான்.

நான் அழவில்லை, சொல்லத்தான் செய்தேன். பட்டர்வொர்த்தில் ரயில்வே லைன் வீட்டில் எட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழ வேண்டுமென்றால் அங்கே கத்தத்தான் வேண்டும். கல்யாணமாகி ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வந்தால், பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் குகை போல நீண்ட ஒரு வீடு, நடுவில் வெயில் விழுகிற முற்றம், அதற்குள் குசுகுசுவென்று பேசுகிற இரண்டு பேர். என் புருசன் பாக்கியசாமி துறைமுக ஆபீசில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். தாய் தகப்பன் செத்தபின் அவரை வளர்த்து ஆளாக்கியது அவருடைய அக்கா ரோசம்மா. அதற்காகவே கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர். ஆகவே அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அக்காவுக்கு முன்னால் இவர் வாயைத் திறப்பது சோற்றுக்கு மட்டும்தான்.

எனக்கோ கால் ஓரிடத்தில் நிற்காது. பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குவேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

“கால்ல வெந்நி கொட்டிக்கிட்டவ மாதிரி ஏன் அலையிற? உக்காந்து ஒரு மந்திரம் சொல்லேன்” என்பார் ரோசம்மா.

உட்கார்ந்தால் எனக்கு மந்திரம் வராது, அழுகைதான் வரும். குருவிகள் வந்தபிறகுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது. அவற்றுக்கும் இருப்புக் கொள்ளாது. கம்பியில் ஏறும், தலைகீழாகத் தொங்கும், ஒன்றையொன்று திட்டும், உடனே மூக்கோடு மூக்கு வைத்துக் கொஞ்சும். விடிந்ததிலிருந்து அடைகிற வரை ஓயாத கீச்சல். சௌராஸ்தா பாசாரில் தினையும் கங்கோங் கீரையும் வாங்கி வருவேன். அலகைத் தீட்டிக்கொள்ளக் கடற்கரையில் பொறுக்கிய கணவாய் ஓடு ஒன்றைக் கூண்டில் செருகியிருந்தேன். தினையை உமி நீக்கித்தான் தின்னும், உமி காற்றில் பறக்கும். ஒருநாள் அது மாதா சுருபத்தின் பாதம் வரைக்கும் போய்விட்டது. அன்றைக்கு ஆரம்பித்தது வினை.

அடுத்த வீட்டு முகம்மது கனி பாய் கப்பித்தான் பள்ளிவாசல் பக்கம் கடை வைத்திருந்தார். அவர் வீட்டில் இதே குருவி ஏழெட்டு ஜோடி இருந்தன. எங்கள் ஜோடியின் மேலும் அவருக்கு ஒரு கண். ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்காவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் ஆரம்பிக்கிற விபூதிப் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பிய ரோசம்மா, முக்காட்டைக் கூட எடுக்காமல் தீர்ப்புச் சொன்னார்.

“பாஸ்கா அன்னிக்குக் காலையில என் கண்ணுக்கு முன்னால குஞ்சோட இருந்தா, சரி, ஒரு குடும்பம்னு விட்டுடறேன். இல்லன்னா கனி பாய் வீட்டுக்குப் போகட்டும். சும்மா கத்தறதுக்கும் கொஞ்சறதுக்கும் இது என்ன சந்தையா?”

நான் புருசனைப் பார்த்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டு மாதமாக அந்த ஜோடி கொஞ்சியதே தவிர முட்டை வைக்கவில்லை. நான் ஒரு பானையைக் கட்டிவைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினையை மாற்றினேன், கூண்டைக் கிழக்கே திருப்பினேன், ஒன்றுக்கும் மசியவில்லை. நாளுக்கு நாள் எனக்குப் பதற்றம் ஏறியது. கனி பாயின் மனைவி சித்தி ஹாஜராவுக்கு என் வயதுதான். அவள் வீட்டு மாடி ஜன்னலும் எங்கள் மாடி ஜன்னலும் முற்றத்துச் சுவருக்கு மேலே எதிரும் புதிருமாக இருந்தன. அங்கே நின்றபடி அவளிடம் கொட்டித் தீர்த்தேன்.

“ஒத்த ஜோடி தனியா இருந்தா முட்டை வைக்காது புள்ள” என்றாள் ஹாஜரா. “நாலு ஜோடி சத்தம் காதுல விழணும்லா. நம்ம கூட்டம் பக்கத்துல இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அதுக்குத் தெம்பு வரும். கூண்டை இங்க மாட்டு. நானும் எங்க கூண்டை ஜன்னலுக்குக் கொண்டாறேன். பானையெல்லாம் வேணாம், பெட்டி நான் தர்றேன்.”

அவள் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. அதற்கு நான் குருவி வளர்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, இந்த வீட்டில் ஒரு வருஷம் குடித்தனம் செய்ததே போதும்.

அவள் கொடுத்த கள்ளிப்பெட்டியில் குருவி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. முட்டை உருளாமலிருக்க அடிப்பலகையில் குழி செதுக்கியிருந்தது. கூண்டை மாடி ஜன்னலில் மாட்டிய அன்றே கூச்சல் ஆரம்பித்துவிட்டது. அந்த வீட்டிலிருந்து ஒன்று கூப்பிடும், இங்கிருந்து இரண்டும் சேர்ந்து பதில் சொல்லும். சில நாளில் மஞ்சள் பெட்டையின் மூக்குக்கு மேலுள்ள தோல் தவிட்டு நிறமாகக் கறுத்தது. தயாராகிவிட்டது என்று அர்த்தம். சந்தோஷத்தில் அதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லித் தொலைத்தேன்.

“தபசு காலத்துல பேசற பேச்சா இது” என்று ரோசம்மா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

பேசக் கூடாதுதான், ஆனால் குருவிகள் தபசு காலம் பார்க்கவில்லை. பெட்டை பெட்டிக்குள் நுழைந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை வைத்தது. அதன்பிறகு அது வெளியே வருவதே அபூர்வமாகிவிட்டது. எனக்கு ராத்திரி தூக்கமில்லை, பகலில் வேலை ஓடவில்லை. நூறு தடவை மாடிக்கு ஓடுவேன். திறந்து திறந்து பார்த்தால் முட்டையை விட்டுப் போய்விடும் என்று ஹாஜரா மிரட்டியிருந்ததால், பெட்டியில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் உள்ளேயிருந்து ஊசி முனை போல ஒரு சத்தம் கேட்டது. நான் படியில் விழுந்தடித்து இறங்கி வந்து ரோசம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

“பாஸ்காவுக்கு இன்னும் ஒரு வாரம் கெடக்கு” என்றார் அவர்.

அந்த வாரத்துக்குள் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. இறகில்லாத, கண் திறக்காத, சிவப்பான சதைத் துணுக்குகள். அவற்றுக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மசித்துக் கொடுக்கச் சொன்னாள் ஹாஜரா. தபசு காலத்தில் எங்கள் அடுப்பில் முட்டை ஏறாது. அதனால் அவளே அவித்து, ஒரு மூங்கில் கழியில் தூக்குச்சட்டியை மாட்டி ஜன்னல் வழியாக நீட்டுவாள். நான் வாங்கிக்கொள்வேன். இது ரோசம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வியாழன் வந்தது. அன்று பூசையில் அடிக்கிற கோயில் மணி அதோடு நின்றுவிடும். சனிக்கிழமை காலை பூசையில்தான் மறுபடி அடிக்கும். அதுவரை கோயிலில் மரப்பலகையைத்தான் தட்டுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கும் மேலே. சுருபங்களையும் படங்களையும் இரண்டு வாரம் முன்பே ஊதாத் துணியால் மூடியாகிவிட்டது. வியாழன் சாயங்காலம் ரோசம்மா கடிகாரத்தின் ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினார். தையல் மிஷினின் சக்கரத்தைக் கயிற்றால் கட்டினார். பிறகு மாடிக்குப் போய்க் கூண்டைப் பெட்டியோடு இறக்கிக்கொண்டு வந்து கூடத்து மேசையில் வைத்தார். மிச்சமிருந்த ஊதாத் துணியை இரண்டாக மடித்து அதன்மேல் போட்டார்.

“ஆண்டவர் சாகிற நாள்ல இந்த வீட்டுல எதுவும் கூவக் கூடாது.”

“அக்கா, இருட்டுல அதுங்க திங்காது” என்றேன்.

“நாமெல்லாம் ஒருசந்தி. ஒரு வேளைதான் சாப்பிடறோம். அதுங்களும் ஒரு நாள் இருக்கட்டும்.”

“ஒருசந்தின்னா ஒரு வேளையாவது உண்டே. அதுங்களுக்கு அதுவும் இல்லியே. பெரிசுக தாங்கும்க்கா, குஞ்சு தாங்காது. ஆண் தினையைத் தின்னுட்டு வந்து பெட்டி வாசல்ல பெட்டைக்கு ஊட்டும். பெட்டை அதை வாங்கி உள்ளே குஞ்சுக்கு ஊட்டும். ஆணுக்குத் தினை கண்ணுக்குத் தெரியலன்னா எல்லாம் போச்சு.”

“மூடினதைக் கோயில் மணி அடிக்கிறதுக்கு முந்தித் திறக்கிறது இந்தக் குடும்பத்துல வழக்கமில்ல. திறந்தா வீட்டுக்கு ஆகாது.”

நான் பாக்கியசாமியின் பக்கம் திரும்பினேன். “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“ஒன்றரை நாள்தானே ரீத்தா” என்றார் அவர்.

அந்த நிமிஷம் அந்த மனுஷனை நான் வெறுத்தேன். அவரைவிட அதிகமாக அவர் அக்காவை. எனக்குத் தெளிவாகிவிட்டது. சனிக்கிழமை மணி அடித்ததும் துணியை எடுப்பார், பாஸ்கா காலையில் பெட்டியைத் திறப்பார், உள்ளே மூன்று பிணம் கிடக்கும், கூண்டு கனி பாய் வீட்டுக்குப் போகும். கையில் இரத்தம் படாமல் காரியத்தை முடிக்க அந்த அம்மாளுக்குப் பெரிய வெள்ளியே வாய்த்துவிட்டது.

நான் திருடிப் பார்த்துவிடுவேன் என்று சந்தேகமோ என்னவோ, ரோசம்மா அன்று மேசைக்கு அடியிலேயே பாயை விரித்துப் படுத்தார். விடியற்காலையில் நான் எழுந்து வந்தபோது, பாயில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. துணிக்குள் சத்தமே இல்லை. நான் முற்றத்துக்கும் கூடத்துக்கும் நடந்தேன். தண்ணீர்க் குடத்தைக் காரணமில்லாமல் இடம் மாற்றினேன். மாடிக்குப் போனேன், இறங்கினேன். ஒவ்வொரு தடவை மேசையைக் கடக்கும்போதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

மாடி ஜன்னலில் ஹாஜராவின் குருவிகள் எங்களுடையதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துக்கொண்டிருந்தன. அவள் எட்டிப் பார்த்தாள்.

“என்ன புள்ள, உன் குருவிங்க சத்தத்தையே காணோம்?”

நான் சொன்னேன். மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது, அன்றைக்கு அதற்கு மனமும் இல்லை.

“குருவிக்கு ஏது நோன்பு?” என்றாள் அவளும் உரக்கவே. “நாங்க ஒரு மாசம் பிடிக்கிறோம். தண்ணி கூட இறங்காது. அதுக்காகக் குருவிக்குத் தீனி வைக்காம இருக்கோமாலா? வாயில்லாத சீவன் பசியில கெடந்தா நம்ம நோன்பு எங்க சேரும்?”

முற்றத்துச் சுவரில் மோதி அந்தப் பேச்சு கீழே கூடம் வரைக்கும் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் கோயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் ரோசம்மா நெற்றியில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

“தலைவலி. நீங்க போய்ட்டு வாங்க.”

நான் கேள்விப்பட்டவரை அவர் பெரிய வெள்ளியன்று கோயிலுக்குப் போகாமல் இருந்ததே இல்லை. காய்ச்சலோடு போயிருக்கிறார், குழந்தையாயிருந்த என் புருசனைத் தூக்கிக்கொண்டு மழையில் போயிருக்கிறார். என்னிடமிருந்து கூண்டைக் காவல் காக்க இவ்வளவு தூரம் இறங்குவாரா என்று எனக்கு வியர்த்துவிட்டது. நானும் இருக்கிறேன் என்றேன். “நாளும் கிழமையுமா? கூடாது” என்று பாக்கியசாமி என் கையைப் பிடித்து வாசலுக்கு நடத்தினார். அவருக்கு அவ்வளவு பலம் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோயிலில் ஜனம் நெரிந்தது. ஊதாத் துணிகள், அணைந்த மெழுகுதிரிகள், பலகை தட்டுகிற சத்தம். சாமியார் பிரசங்கத்தில், சிலுவையில் ஆண்டவர் தாகமாயிருக்கிறேன் என்று சொன்ன இடம் வந்தது. பெண்கள் பக்கம் எல்லோரும் விசும்பினார்கள். நானும் அழுதேன். ஆனால் எனக்கு ஆண்டவர் தெரியவில்லை. இருட்டில் வாயைத் திறந்துகொண்டு கழுத்தை நீட்டுகிற மூன்று தலைதான் தெரிந்தது. முழங்காலில் நிற்க முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி முழங்காலிட்டேன். பக்கத்திலிருந்த சின்னம்மா என்ற கிழவி என் தொடையில் கிள்ளினாள்.

குனிந்து உதடு வைத்துச் சிலுவையை முத்தி செய்ய வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் நாலைந்து பேர்தான். அவ்வளவு தூரம் போய்விட்டு, நான் வரிசையை விட்டு விலகினேன். திரும்பி நடுப்பாதையில் வாசலைப் பார்த்து நடந்தேன். ஆண்கள் பக்கமிருந்து பாக்கியசாமி என்னைப் பார்த்ததும், அவர் முகம் வெளுத்ததும் தெரிந்தது. பெரிய வெள்ளியன்று சிலுவைக்கு முதுகைக் காட்டிப் போனவள் என்று ஊர் என்னை எத்தனை வருஷம் பேசினாலும் பேசட்டும். துணியைக் கிழித்து எறிந்துவிட்டு, அதன்பிறகு அந்த வீட்டில் எனக்கு இடமில்லை என்றால் கூண்டைத் தூக்கிக்கொண்டு ஃபெரி ஏறிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பினாங்கு ரோட்டில் வெயில் கொளுத்தியது. ரிக்‌ஷாக்காரர்கள் கூப்பிட்டார்கள், நான் ஓடினேன். முக்காடு நழுவித் தோளில் விழுந்தது.

வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினேன். ஜன்னல்களெல்லாம் மூடி, கூடம் இருட்டாக இருந்தது. மேசை மேல் ஊதாத் துணி உள்ளிருந்து வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கத்த வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் மேசையை ஒட்டிப் போட்டிருந்த முக்காலியைப் பார்த்தேன். அதில் ஓர் உடம்பு உட்கார்ந்திருந்தது. போட்டோ பிடிக்கிறவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வது போல, தலையும் தோளும் ஊதாத் துணிக்குள் இருந்தன. வெளியே வெள்ளைச் சேலையும் வெடித்த இரண்டு பாதங்களும் மட்டும் தெரிந்தன.

“கதவைச் சாத்து” என்றது துணிக்குள்ளிருந்து ரோசம்மாவின் குரல். “வெளிச்சம் வருது.”

சாத்தினேன். கிட்டே போய்த் துணியின் ஓரத்தைத் தூக்கி நானும் தலையை விட்டேன். ரோசம்மாவின் கையில் மெழுகுதிரி இருந்தது. சாகிறவர்களின் தலைமாட்டில் ஏற்றுவதற்காக மந்திரித்துத் தன் துணிப் பெட்டியில் வைத்திருப்பாரே, அது. அதைக் கம்பிக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார். அந்த வெளிச்சத்தில் பச்சை ஆண் தட்டிலிருந்த மஞ்சள் கருவைக் கொத்திக்கொண்டிருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் ஹாஜராவின் தூக்குச்சட்டி.

“நம்ம அடுப்புல வேகல” என்றார் அவர் உடனே. “கனி பாய் வீட்டம்மாகிட்ட வாங்கினேன்.”

தூக்குச்சட்டியைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடாக இருந்தது.

“ராத்திரி பூரா கீழ படுத்திருந்தேன். மேல கீச்சு கீச்சுன்னு ஒரே சத்தம். நேரம் ஆக ஆகச் சத்தம் சின்னதாயிக்கிட்டே வந்துச்சு. ஒரு மந்திரம் முழுசாச் சொல்ல முடியல” என்றார். “விடியறதுக்கு முந்தித் திரியைக் கொளுத்திக்கிட்டு வந்தேன். நீ சொன்ன மாதிரிதான். முதல்ல பச்சை தின்னுது. அப்புறம் மஞ்சளுக்கு ஊட்டுது. அது உள்ள போய்க் குடுக்குது. இது மூணாவது தடவை.”

“துணியை எடுத்திருக்கலாமேக்கா.”

“மணி அடிக்கிறதுக்கு முந்தித் திறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல. நான் திறக்கல. உள்ள வந்தேன்.”

அதற்குள் ஆண் குருவி பெட்டி வாசலுக்குத் தாவியது. மஞ்சள் தலை வெளியே வந்தது. அலகோடு அலகு கோத்து ஊட்டியது. பெட்டை உள்ளே திரும்பியதும் மூன்று சத்தங்கள் கேட்டன. நானும் ரோசம்மாவும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம். அவருடைய கன்னம் என் கன்னத்தில் உரசிக்கொண்டிருந்தது. வெற்றிலையும் மெழுகும் வியர்வையுமாக ஒரு வாடை.

“மூணும் இருக்கு” என்றார் ரோசம்மா. பிறகு ஏதோ நினைவு வந்தவராக என்னைப் பார்த்தார். “சிலுவையை முத்தி செஞ்சியா?”

“இல்லக்கா.”

“பாவி” என்றார். சொன்னதில் சூடில்லை. “கனி பாய்கிட்டப் பெரிய கூண்டு இருந்தா ஒன்னு தரச் சொல்லு. இது அஞ்சு உசுருக்குப் பத்தாது.”

எனக்கு அழுகை முட்டியது. குருவி பயந்துவிடும் என்று விழுங்கிக்கொண்டேன்.

“கை கடுக்குது” என்றார் ரோசம்மா. “கொஞ்ச நேரம் நீ பிடி.”

மெழுகுதிரியை வாங்கிக் கம்பிக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஆண் மறுபடி தட்டுக்கு இறங்கியது. மெழுகு உருகி என் விரலில் சொட்டியது. சுட்டது. நான் அசையவில்லை.